காரின் ஒலியும் கைவினை ஃபைபர் பெட்டியும்: ஒரு மதிப்பீடு

காருக்குள் நல்ல பாஸ் கேட்க விரும்புகிறவர் பணத்தை எங்கே செலவிடுகிறார் என்று பார்த்தால், முதலில் வூஃபர், அடுத்து ஆம்ப். இரண்டையும் தாங்கப்போகும் பெட்டி பில்லின் கடைசி வரியில்தான் வரும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் மற்ற ஊர்களின் கார் அலங்காரக் கடைகளிலும் கார்ப்பெட் ஒட்டிய ஆயத்தப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை; ஒன்றை எடுத்து டிக்கியில் வைத்தால் வேலை முடிந்தது. இதற்கு எதிர்முனையில் இருப்பது, அந்த ஒரு காருக்காகவே கையால் வார்த்தெடுக்கும் ஃபைபர் பெட்டி. அதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. பகட்டுக்குச் செய்யும் வீண்வேலை என்கிறது ஒன்று. மரப்பெட்டியில் வராத ஒலி ஃபைபரில் வரும் என்கிறது மற்றொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. ஃபைபர் என்ற பொருளில் தனியாக எந்த ஒலிச் சிறப்பும் கிடையாது. தட்டைப் பலகையாக எடுத்துக்கொண்டால் அது எம்.டி.எஃப். பலகையிடம் தோற்றே போகிறது. அதன் பெருமை முழுவதும் வளைவில் இருக்கிறது. வளைவு இரண்டு நன்மைகளைச் சேர்த்துத் தருகிறது: வேறெதுவும் நுழையாத இடத்தில் கொள்ளளவு, குறைந்த தடிமனில் விறைப்பு. இவ்விரண்டும் தேவைப்படாத காரில் ஃபைபர் பெட்டி தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெட்டி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வூஃபரின் கோன் முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்று இழுபடுகிறது. நீண்ட அலைகளில் இந்த இரண்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீட்டர், பெட்டியில்லாத வூஃபர் அதை எழுப்ப முயல்வது வீண். ஆனால் பெட்டியின் வேலை பின்னொலியை அடைப்பதோடு முடிவதில்லை. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், சிறிய பெட்டிக்குள் இறுக அடைத்த காற்றையே கோனின் சுருள்வில்லாகப் பயன்படுத்திக் காட்டினார். அதன் பிறகு பெட்டியும் ஒலிபெருக்கியும் ஒரே கருவியின் இரு பாதிகள் ஆயின. இந்த உறவைக் கணிதமாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இருவர். நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் எழுதிய தொடர் கட்டுரைகளும்தான் இன்று ஒவ்வொரு வூஃபரின் அட்டைப்பெட்டியிலும் கிடக்கும் தாளில் தீல்–ஸ்மால் எண்களாக அச்சாகின்றன. பலர் படிக்காமல் எறியும் அந்தத் தாளில்தான் பெட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்ற விடை இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தானே அதிரும் அலைவெண் 30 ஹெர்ட்ஸ், அதிர்வு அடங்கும் விதத்தைக் காட்டும் மொத்தக் 'க்யூ' 0.45, இணைக் காற்றளவு 40 லிட்டர் என்று கொண்ட ஒரு 10 அங்குல வூஃபரை எடுத்துக்கொள்வோம். மூடிய பெட்டியில் எந்தத் திமிறலும் இல்லாத சீரான பதிலுக்கு 'க்யூ' 0.707 ஆக வேண்டும். கணக்குப்படி அதற்கு 27 லிட்டர் போதும், ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸில் விழும். ஃபைபர் பெட்டி கோணல்மாணலானது, கொள்ளளவு துல்லியமாக வராது என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். சரி, 20 விழுக்காடு குறைந்து 22 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'க்யூ' 0.76 ஆகும், ஒத்ததிர்வு 50 ஹெர்ட்ஸுக்கு ஏறும். காரில் ஓடும்போது இந்த வேறுபாட்டைக் காது பிரித்தறிவது கடினம். குழாய் வைத்த பெட்டியில் நிலைமை வேறு. 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த பெட்டி அதே பிழையால் 39க்கு ஓடிவிடும். சுருதிக்குக் கீழே கோனைத் தாங்கப் பெட்டியில் அழுத்தம் இருக்காது, அதிக விசையில் வூஃபரே கெடும். ஆகவே கையால் வார்க்கும் ஃபைபருக்கு இயல்பான துணை மூடிய பெட்டி. அளப்பதற்கும் வழி உண்டு: முகப்பை ஒட்டுவதற்கு முன் ஓட்டில் தண்ணீர் ஊற்றி லிட்டர் கணக்கில் பார்த்துவிடலாம். எம்.டி.எஃப். பெட்டியில் இதைச் செய்தால் பலகை ஊதிப்போகும்.

அடுத்த கேள்வி, அந்த 27 லிட்டரை எங்கே வைப்பது. கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரில் உள்ள 'எச்', ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன், சொல்லிச் சென்ற விதி ஒன்று உண்டு: ஆழமான பாஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டுதான் கிடைக்கும். வீட்டைவிடக் காரில் இந்த விதி சற்றுத் தளர்கிறது. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமுள்ள காருக்குள் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை பரவ இடமில்லை. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் சேர்ந்தே அழுந்தி விரிகிறது. அதனால் அலைவெண் இறங்க இறங்க ஒலியழுத்தம் ஏறுகிறது, கோட்பாட்டில் ஓர் எண்மத்துக்கு 12 டெசிபெல் வரை. மூடிய பெட்டியின் ஒலி தன் ஒத்ததிர்வுக்குக் கீழே அதே 12 டெசிபெல் வீதத்தில்தான் சரிகிறது. ஒன்றன் இழப்பை மற்றது ஈடுகட்டுவதால், வீட்டில் மெலிந்து ஒலிக்கும் சிறிய பெட்டி காரில் நிறைவாகக் கேட்கிறது. கதவு, கண்ணாடி, காற்றுக் கசிவு ஆகியவை இந்த ஆதாயத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்; ஆனாலும் எஞ்சுவது கணிசம்.

இத்தனை சலுகைக்குப் பிறகும் 27 லிட்டர் கேட்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார்களுக்கு வரிச்சலுகை வந்த பிறகு இந்தியச் சாலைகளில் பெருகிய சிறுகார்களில் டிக்கி பெரும்பாலும் 250 லிட்டரை ஒட்டியதுதான். ஆயத்தப் பெட்டி வெளியளவில் 40 லிட்டர் எடுத்துக்கொள்ளும். கணக்கில் அது ஆறில் ஒரு பங்காகத் தோன்றினாலும், நீண்ட சதுரப் பெட்டி தரையின் நடுவில் உட்கார்ந்தால் அதைச் சுற்றி எந்தச் சூட்கேஸும் நிற்காது. அதே டிக்கியில் பயன்படாத இடமும் உண்டு: பின்சக்கரத்தின் வளைவுக்கும் பின்விளக்குக்கும் இடையிலுள்ள மூலை, ஸ்டெப்னியைச் சுற்றியுள்ள பள்ளம், பக்கச் சுவரின் குழிவு. இவை எதிலும் ஒரு நேர்கோடு கிடையாது. செவ்வகப் பெட்டியை நுழைத்தால் இடத்தில் பாதி வீணாகும். அந்தக் குழிவின் உருவையே பெட்டியின் முதுகாக எடுத்துக்கொள்ளத் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும்.

ஃபைபரை இந்த வேலைக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குக் கார் வரலாற்றிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் முதல் கார்வெட்டை ஃபைபர் உடலோடு வெளியிட்டது. அந்த ஆண்டில் செய்தவை வெறும் 300 கார்கள். அத்தனை சிறிய எண்ணிக்கைக்கு எஃகுத் தகட்டை வளைக்கும் அச்சுகளைச் செய்வது கட்டுப்படியாகாது. கண்ணாடி இழையும் ரெசினும் எந்த வளைவையும் மலிவான அச்சில் எடுத்துவிடும். ஒரே ஒரு காருக்கு ஒரே ஒரு பெட்டி என்பது இந்தத் தர்க்கத்தின் எல்லை. 1980களின் இறுதியிலிருந்து அமெரிக்கக் கார் ஒலிப் போட்டிகள், குறிப்பாக ஐயாஸ்கா அமைப்பின் போட்டிகள், ஒலித்தரத்துக்கு மட்டுமன்றிப் பொருத்திய நேர்த்திக்கும் மதிப்பெண் கொடுத்தன. பெட்டி காரோடு பிறந்ததுபோல் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு அது தீனி போட்டது. பகட்டு என்ற குற்றச்சாட்டும் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

செய்முறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். டிக்கியின் மூலையை முழுக்க மாஸ்கிங் டேப்பால் இரண்டு மூன்று சுற்று மூடி, அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்டி, மெழுகு தடவுகிறார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட்டைக் கையால் பிய்த்த துண்டுகளாகப் போடுகிறார்கள். கத்தரித்த நேர்விளிம்பைவிடப் பிய்ந்த விளிம்பு அடுத்த துண்டோடு நன்றாகக் கலக்கும். பாலியெஸ்டர் ரெசினில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு ஹார்டனர் சேர்த்துப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைக்கும்போது, வெள்ளையாக இருந்த மேட் கண்முன்னே நிறமிழந்து தெளியும். தெளியாத வெண்புள்ளி ஒவ்வொன்றும் உள்ளே மாட்டிய காற்று. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசையை ரெசினில் உள்ள ஸ்டைரீன் கரைப்பதால்தான் அது எந்த மூலையிலும் படிந்து உட்காருகிறது. ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இரண்டு அடுக்கு இறுகியதும் ஓட்டைக் காரிலிருந்து கழற்றி, மீதி அடுக்குகளை வெளியில் வைத்துப் போடுவது வழக்கம். பிறகு வூஃபர் உட்காரும் எம்.டி.எஃப். வளையத்தைக் கட்டைக் கால்களில் நிறுத்தி, வளையத்துக்கும் ஓட்டின் விளிம்புக்கும் இடையே ஃப்ளீஸ் அல்லது பனியன் துணியை இழுத்துக் கட்டி, ரெசினில் ஊறவைத்து, உள்ளிருந்து மேட் போட்டு, கடைசியில் பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்து முடிக்கிறார்கள்.

இந்த ஓடு எதைத் தாங்க வேண்டும்? மேற்சொன்ன வூஃபரின் கோன் பரப்பு ஏறத்தாழ 330 சதுர செ.மீ.; அது 10 மி.மீ. உள்ளே போனால் 27 லிட்டர் காற்று 1.2 விழுக்காடு சுருங்குகிறது. இதனால் உள்ளே எழும் அழுத்தம் சுமார் 1,700 பாஸ்கல். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. உள்ள ஒரு சுவரின்மேல் அது ஏறக்குறைய 16 கிலோ எடையின் தள்ளல். அடுத்த கணம் அதே அளவு இழுப்பு. 40 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 40 முறை. சுவர் இதற்கு நெளிந்தால் அதுவும் ஒரு கோன்போல் ஒலிக்கும், அது நாம் கேட்காத ஒலி. இங்கேதான் பொருள் பற்றிய பெருமை உடைகிறது. மேட்டும் பாலியெஸ்டரும் சேர்ந்த கலவை எம்.டி.எஃப்.பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பான பொருள் என்பது உண்மை. ஆனால் தட்டைப் பலகையின் வளையாமை தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 18 மி.மீ. எம்.டி.எஃப்.பையும் 6 மி.மீ. ஃபைபரையும் ஒப்பிட்டால் தடிமன் மூன்று மடங்கு, மும்மடி 27. பொருளின் விறைப்பில் பாதியைக் கழித்தாலும் எம்.டி.எஃப். 13 மடங்குக்கு மேல் வலுவாக நிற்கிறது. ஆறு அடுக்கு போட்ட தட்டை ஃபைபர் முகப்பு ஆயத்தப் பெட்டியின் மலிவான பலகையைவிட மோசம் என்பதே இதன் பொருள்.

தட்டையை வளைத்ததும் கணக்கு தலைகீழாகிறது. வளைந்த ஓட்டில் அழுத்தம் சுவரை மடக்குவதற்குப் பதிலாக அதன் தளத்திலேயே இழுப்பாகவும் அழுத்தமாகவும் ஓடிவிடுகிறது. அந்தத் திசையில் ஃபைபர் மிக வலுவானது. தமிழகக் கடற்கரையில் இதற்குச் சான்று கண்முன் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்த ஃபைபர் படகுகள் சில மில்லிமீட்டர் ஓட்டோடு அலையின் அறைகளைத் தாங்குவதில் வளைவுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒலிப்பெட்டியிலும் காரின் குழிவில் வார்த்த முதுகுப்புறம் இயல்பாகவே வளைந்திருப்பதால் பிரச்சினை தருவதில்லை. பிரச்சினை முகப்பில். இழுத்துக் கட்டிய துணி எப்போதும் குறுக்குவழியில் போகும். விளிம்புக்கும் வளையத்துக்கும் இடையே தட்டைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பார்வைக்கு வழுவழுவென்று அழகாக இருக்கும் அந்தப் பரப்புதான் பெட்டியின் மிக நலிந்த இடம். அனுபவமுள்ள கைகள் அங்கே கூடுதல் அடுக்கு போடுவதும், உள்ளே கட்டை கொடுத்துத் தாங்குவதும், முகப்பையே எம்.டி.எஃப்.பில் வைத்து முதுகை மட்டும் ஃபைபரில் எடுப்பதும் இதனால்தான். அமெரிக்காவின் ஜே.எல். ஆடியோ நிறுவனம் குறிப்பிட்ட கார்களுக்கென்றே விற்கும் ஸ்டெல்த்பாக்ஸ் வரிசையிலும் ஃபைபர், எம்.டி.எஃப். இரண்டும் இடமறிந்து பயன்படுகின்றன.

ஃபைபரை ஆதரிப்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணம், வளைந்த உட்சுவர்களுக்கிடையே நிலையலைகள் உருவாகா என்பது. சொல்வது ஓரளவு சரி, பொருத்துகிற இடம் தவறு. 30 செ.மீ. இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே முதல் நிலையலை 570 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் எழும். சப்வூஃபருக்குப் போகும் ஒலியோ 80 ஹெர்ட்ஸ் அளவிலேயே வெட்டுப்படுகிறது. இல்லாத நோய்க்கு மருந்து அது. அந்த வாதம் பொருந்துவது கதவிலோ காலடியிலோ வைக்கும் நடு அலைவெண் ஒலிபெருக்கிகளுக்கு. அங்கும் ஃபைபரின் பழைய மதிப்பில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது. நம் வலப்பக்க ஓட்டுநருக்கு வலக்கதவின் ஒலி இடக்கதவினதைவிட அரை மீட்டர் முந்தி வந்தால், நேர வேறுபாடு ஒன்றரை மில்லிவிநாடி. பாடகர் வலக்கதவில் ஒட்டிக்கொண்டு பாடுவதாகத் தோன்றும். தூரங்களை நெருங்கச் செய்யக் காலடியில் ஃபைபர் கூடு வார்த்தார்கள். இன்று ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் டி.எஸ்.பி. கருவி அந்த ஒன்றரை மில்லிவிநாடியை மின்னணுவிலேயே தாமதப்படுத்திவிடுகிறது. ஆனால் அது ஓர் இருக்கைக்கு மட்டும் சரிசெய்யும். பக்கத்து இருக்கைக்கு நிலைமை இன்னும் கெடும். இருவருக்கும் ஓரளவு நியாயம் செய்யக்கூடியது இன்றும் இடமாற்றம்தான். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் காலுக்கு இடம் விட்டாக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

டி.எஸ்.பி.யை முன்னிறுத்தும் ஆட்சேபம் பாஸுக்கும் நீள்கிறது: இருக்கைக்கடியில் வைக்கும் மெல்லிய சப்வூஃபரும் சமன்செய் கருவியும் இருக்க, இத்தனை சிரமம் ஏன்? ஹாஃப்மன் விதி இங்கே விடை சொல்கிறது. மிகச் சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பாஸை மின்னணுவால் உந்தி எடுக்கலாம். விலையை ஆம்பும் கோனும் கொடுக்க வேண்டும். ஒரே அலைவெண்ணில் 6 டெசிபெல் கூட்ட நான்கு மடங்கு திறனும் இரண்டு மடங்கு கோன் அசைவும் தேவை. 1,000 வாட் உண்மையாகத் தரும் ஒரு டி வகுப்பு ஆம்ப் முழு மூச்சில் 13.8 வோல்ட்டில் 90 ஆம்பியர் இழுக்கும். சிறுகாரின் ஆல்டர்னேட்டர் முழுவதையும் அதற்கே எழுதிவைத்தாலும் போதாமல் போகலாம். இசை விட்டுவிட்டு ஒலிப்பதால் சராசரி இழுப்பு குறைவு, ஆயினும் தடித்த கேபிளும் பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸும் தவிர்க்க முடியாதவை. ஒரு லிட்டர் கொள்ளளவைக் கூட்டுவது ஒரு வாட்டைக் கூட்டுவதைவிடக் காருக்குச் சுமை குறைந்தது. பயன்படாத மூலையிலிருந்து லிட்டர்களை மீட்டுத் தரும் ஃபைபர், மின்சாரக் கணக்கிலும் சேமிப்பே.

நம் தட்பவெப்பமும் ஒரு சாட்சி. எம்.டி.எஃப்.பின் எதிரி ஈரம். கடலோரப் புழுக்கத்திலும், மழைநீர் டிக்கிக்குள் புகும் நாட்களிலும் விளிம்பு ஊதி, பசை விட்டு, பெட்டி கசியத் தொடங்கும். ஃபைபருக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. அதற்கு எதிரி வெயில். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60, 70 டிகிரியை நெருங்கும்போது தளரத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் கண்ணாடியடிப் பரப்புகள் அந்த வெப்பத்தை எட்டுவது அரிதல்ல. ஆகவே டிக்கி மூலைக்குச் சாதாரண ரெசின் போதும், பின்கண்ணாடிக்குக் கீழோ டேஷ்போர்டிலோ வைப்பதற்கு வெப்பம் தாங்கும் ஐசோ அல்லது வினைல் எஸ்டர் ரெசின் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காத பெட்டி ஓரிரு கோடையில் கோணிக்கொள்ளும். பழி அப்போது பொருளின்மேல் விழும், குற்றம் தேர்வில் இருக்கும்.

வலுவான ஆட்சேபங்கள் ஒலிக்கு வெளியே இருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஸ்டைரீனை 2018இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க 2ஏ பிரிவில் சேர்த்தது. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ரெசினில் தனித்தனியாகக் கலக்காமல் நேரடியாகச் சேர்த்தால் தீயோ வெடிப்போ நேரும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குப்பிகளில் விற்கும் நம் கடை வழக்கத்தில் இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓட்டைத் தேய்க்கும் பையனைக் கொண்டு மலிவாக முடிக்கும் பெட்டியின் உண்மை விலை பில்லில் இருப்பதில்லை. கரிம ஆவியை வடிக்கும் முகமூடி, கண்ணாடி, கையுறை, காற்றோட்டமான கொட்டகை ஆகியவற்றின் செலவைச் சேர்த்த பிறகும் வாங்குபவருக்குக் கட்டுப்படியானால்தான் அந்த வேலை நியாயமானது. காரைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்பும் இதில் சேரும். திரைக் காற்றுப்பை உள்ள முன்தூணில் ட்வீட்டருக்கு ஃபைபர் கூடு வார்ப்பது அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பது. டிக்கிப் பெட்டியை போல்ட் போட்டு இறுக்காவிட்டால் மோதலின்போது அதுவே பின்னிருக்கையை நோக்கிப் பாயும். காரின் இரும்பை வெட்டுவது, இருக்கையை எடுப்பது போன்றவற்றை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. நல்ல ஃபைபர் வேலைக்கு அது எதுவும் தேவையும் இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு விதிகள் வைத்த பகல் 55, இரவு 45 டெசிபெல் வரம்பை மீறும் ஒலி எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் தொல்லைதான். அதைப் பெட்டியின் குணமாகச் சொல்வது பொருந்தாது, வால்யூமைத் திருகும் கைக்கே அந்தப் பொறுப்பு.

காரை விற்றால் பெட்டி வேறெந்தக் காருக்கும் பொருந்தாது என்பது கடைசி ஆட்சேபம். உண்மையே. ஒரு குழிவுக்கென்று பிறந்தது அடுத்த குழிவில் உட்காராது. ஆகவே ஓரிரு ஆண்டில் காரை மாற்றுகிறவருக்கும், டிக்கி காலியாகவே கிடக்கும் பெரிய செடான் வைத்திருப்பவருக்கும், பிக்கப்பின் தட்டைப் பின்சுவரில் ஒல்லிப் பெட்டி வைக்கிறவருக்கும் எம்.டி.எஃப். போதும், ஃபைபர் அவர்களுக்கு ஆடம்பரம் மட்டுமே. சிறுகாரைப் பத்தாண்டு ஓட்டப்போகிற, டிக்கியும் வேண்டும் பாஸும் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு நிலைமை வேறு. அவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: வூஃபரின் தாளில் உள்ள எண்களுக்கு எத்தனை லிட்டர் வருகிறது, அந்த லிட்டர்களை எப்படி அளந்தீர்கள், முகப்பில் தட்டையான இடத்தில் எத்தனை அடுக்கு அல்லது என்ன தாங்கல், எந்த ரெசின். இவற்றுக்கு நேரான விடை வந்தால் அந்தக் கைவேலைக்குக் கொடுக்கும் பணம் ஒலியாகவும் இடமாகவும் திரும்பி வரும். விடைக்குப் பதில் பெயின்ட்டின் பளபளப்பைக் காட்டினால், அதே பணத்தில் 18 மி.மீ. பலகைப் பெட்டி ஒன்றைச் சதுரமாகச் செய்து வாங்கிக்கொள்வதே மேல்.